குடிக்கும் மனநோய்க்கும் ஊர்ப்பணம்: படுக்கைக்கா, முகாமுக்கா, வாசலில் வந்து நிற்கும் ஆளுக்கா?

எங்கள் ஊர் மண்டபத்துக்கும் கீழக்கரைக்கும் நடுவில் இருக்கிறது. ஒரு தேவாலயம், ஒரு பள்ளிவாசல், ஒரு அம்மன் கோயில், ஒரு ஏலக்கூடம், அவ்வளவுதான் ஊர். போன ஒரு வருடத்தில் இரண்டு பேரை இழந்தோம். ஒருவர் நாட்டுப்படகில் போகிறவர். மகள் சடங்குக்காகக் குடியை விடுகிறேன் என்று கையடித்துச் சத்தியம் பண்ணிவிட்டு மறுநாளே கடலுக்குப் போனார். இரண்டாம் நாள் படகிலேயே வலிப்பு வந்தது, கரைக்குக் கொண்டுவருவதற்குள் முடிந்துவிட்டது. இன்னொருவர் தீவுப் பக்கம் பாசி எடுக்கப் போகிறவர், இரண்டு பிள்ளைகளுக்குத் தாய். தன் உயிரைத் தானே முடித்துக்கொண்டார். யாரிடமும் எதையும் சொல்லவில்லையே என்று துக்க வீட்டில் பேசிக்கொண்டோம். உண்மையில் அவர் சொல்லித்தான் இருந்தார். தூக்கம் வரவில்லை, நெஞ்சு படபடக்கிறது, தண்ணீரில் இறங்கக் கால் வரவில்லை என்று நாலைந்து பேரிடமாவது சொல்லியிருக்கிறார். கேட்ட எங்களுக்குத்தான் அது என்னவென்று விளங்கவில்லை.

அதற்குப் பிறகு ஊர்க்கமிட்டி கூடி, திருவிழா மிச்சத்தையும் வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகள் அனுப்பிய தொகையையும் சேர்த்து ஒதுக்கி வைத்தது. குடிக்கும் மனநோய்க்கும் இந்த ஊரில் ஏதாவது செய்ய வேண்டும் என்பதுதான் தீர்மானம். என்ன செய்வது என்பதில்தான் சண்டை. ஆளை வெளியூர் குடிமீட்பு மையத்தில் சேர்க்கப் பணம் கொடுப்போம் என்கிறார்கள் சிலர். மாதம் ஒரு தனியார் டாக்டரை வரவழைக்கலாம் என்கிறார்கள் சிலர். ஊரிலேயே முகாம் போடுவோம், நம் ஆட்களுக்கே பயிற்சி கொடுப்போம் என்பவர்களும் இருக்கிறார்கள். முதலில் மதுக்கடையை மூடச் சொல்லி ரோட்டில் உட்காருவோம் என்பது இளைஞர் மன்றத்தின் பேச்சு. ஒவ்வொன்றையும் எனக்குத் தெரிந்த அளவில் எடை போட்டுப் பார்த்ததை இங்கே எழுதுகிறேன். பக்கத்துக் கரைகளிலும் இதே பேச்சு நடப்பதாகக் கேள்விப்படுகிறேன்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பணத்தின் பெரும்பங்கு ஊருக்குள் பயிற்சி பெற்ற இரண்டு, மூன்று ஆட்களுக்குப் போக வேண்டும். தடைக்காலத்தில் ஒரு முகாம் நடத்த வேண்டும். படுக்கைக்குச் சிறு தொகை மட்டும் போதும். ஏன் என்று சொல்வதற்கு என் அண்ணன் கதையிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

மையத்தில் சேர்ப்பது

அண்ணனை இரண்டு தடவை வெளியூரில் ஒரு தனியார் மையத்தில் போட்டோம். எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வது, "சேர்த்தோம்" என்று யாரும் சொல்வதில்லை. முதல் தடவை மதினி தாலிச்செயினை அடகு வைத்தார். இரவு இரண்டு மணிக்கு வண்டி வந்தது. நாலு பேர் இறங்கித் தூக்கத்தில் இருந்தவரைக் கையைக் கட்டித் தூக்கிப் போனார்கள். மூன்று மாதம் போனில்கூடப் பேச விடவில்லை. திரும்பி வந்தபோது ஆள் தெளிவாகத்தான் இருந்தார், ஆனால் மணிக்கட்டில் தழும்பு இருந்தது. மூன்று வாரத்தில் மறுபடி கடைக்குப் போனார். இரண்டாம் தடவை ஆறு வாரம் தாங்கியது.

எல்லா மையங்களும் அப்படி என்று நான் சொல்லவில்லை. நல்ல இடங்களும் இருக்கின்றன. சிலருக்குப் படுக்கையில் வைத்துப் பார்ப்பது கட்டாயம் தேவை. காலையில் கண் விழித்ததும் குடித்தால்தான் கை நடுக்கம் நிற்கும் என்ற நிலையில் இருப்பவர் திடீரென்று நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து. சில மணி நேரத்தில் நடுக்கமும் வியர்வையும் தொடங்கும். முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம், மூன்றாம் நாளில் ஆள் அடையாளம் தெரியாமல், இல்லாததை எல்லாம் பார்த்து உளறும் நிலைக்குப் போகலாம். இதற்கு மருந்து இருக்கிறது. டாக்டர் கண்காணிப்பில் நடுக்கத்தை அடக்கும் மாத்திரையைப் படிப்படியாகக் குறைத்து, பி1 வைட்டமின் ஊசியும் போட்டால் ஒரு வாரத்தில் கரை சேர்த்துவிடலாம். படகில் போன எங்கள் ஆளுக்கு இது தெரிந்திருந்தால், அவர் சத்தியம் பண்ணிய அன்றே யாராவது பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிப் போயிருப்போம்.

கோயிலில் கயிறு கட்டுவதும் மாலை போடுவதும் நல்ல மனதோடு செய்வதுதான், நான் தடுக்க மாட்டேன். ஆனால் தினமும் குடிக்கிறவர் கயிறு கட்டும் முன் டாக்டரைப் பார்க்க வேண்டும், முதல் வாரம் கடலுக்கு அனுப்பவே கூடாது. இதை மட்டுமாவது படகு முதலாளியான ஒவ்வொரு சம்மாட்டியும் மனதில் வைக்க வேண்டும்.

ஆக, உடம்பிலிருந்து சாராயத்தை இறக்கும் அந்த ஒரு வாரத்துக்குப் படுக்கை தேவை. அதை அரசு மருத்துவமனையில் காசில்லாமல் பார்க்க முடியும். ராமநாதபுரத்தில் 2022-லிருந்து அரசு மருத்துவக் கல்லூரியே வந்துவிட்டது. ஊர்ப்பணத்தை மூன்று மாதத் தனியார் படுக்கைக்குக் கொட்டுவது எனக்குச் சரியாகப் படவில்லை. எய்ம்ஸ் மருத்துவர்கள் நாடு முழுக்க எடுத்து 2019-இல் வெளியான கணக்கு ஒன்று உண்டு. குடிக்கு அடிமையானவர்களில் 38 பேரில் ஒருவருக்குத்தான் ஏதோ ஒரு உதவியாவது கிடைத்திருக்கிறது. படுக்கையில் சேர்ந்து சிகிச்சை எடுத்தவர் 180 பேரில் ஒருவர். நம் பணத்தால் அந்த ஒருவரை இருவராக்கலாம். மீதி 178 பேர் ஏலக்கூடத்தின் பின்பக்கம்தான் உட்கார்ந்திருப்பார்கள்.

தனியாரிடம்தான் போக வேண்டும் என்றால் நாலு விஷயம் கேளுங்கள். மாநில மனநல ஆணையத்தில் பதிவு இருக்கிறதா, மனநல மருத்துவர் வாரத்தில் எத்தனை நாள் வருகிறார், வீட்டார் வந்து பார்க்கவும் போனில் பேசவும் விடுவார்களா, வெளியே வந்த பிறகு யார் தொடர்ந்து பார்ப்பார்கள்? 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் குடியாலும் போதையாலும் வரும் மனநலக் கோளாறையும் மனநோய் என்றே சேர்த்திருக்கிறது. அந்தச் சட்டப்படி யாரையும் சங்கிலியில் கட்டக் கூடாது. கையைக் கட்டித் தூக்கிப் போக வண்டி அனுப்புகிறோம் என்று சொல்லும் இடத்துக்கு நம் ஆளை அனுப்பக் கூடாது. நாங்கள் அனுப்பினோம். அது இன்றைக்கும் மதினியை உறுத்துகிறது, என்னையும்தான்.

டாக்டரை வரவழைப்பது

இதைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. மாவட்ட மனநலத் திட்டம் நாட்டில் 1996-லேயே தொடங்கியது, நம் மாவட்டத்திலும் நடக்கிறது. மனநல மருத்துவரும் ஆலோசகரும் அதில் இருக்கிறார்கள். இலவசமாகக் கிடைப்பதற்கு ஊர்ப்பணத்தைக் கொடுத்துத் தனியாரைக் கூப்பிடுவது வீண். அந்தப் பணத்தில் ஒரு ஆட்டோ வைத்து, மாதம் ஒரு நாள் ஆறேழு பேரைப் பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய் வந்தால் போதும். கூலியை விட்டு, பஸ்ஸுக்குக் கொடுத்து, வரிசையில் நின்று, சாயங்காலம் வீடு திரும்பும் ஒரு நாள் செலவுதான் ஆட்களை இரண்டாம் மாதம் நிறுத்திவிடுகிறது. மனச்சிதைவுக்கோ கடும் மனச்சோர்வுக்கோ மாத்திரை சாப்பிடுகிறவர் ஒரு மாதம் விட்டாலே பழைய நிலைக்குத் திரும்பக்கூடும்.

பக்கத்து மாவட்டமான புதுக்கோட்டையில், சென்னையைச் சேர்ந்த ஸ்கார்ஃப் என்ற மனநல அமைப்பு ஒரு பஸ்ஸையே மருத்துவ அறையாக மாற்றி ஊர் ஊராக ஓட்டியது. பஸ்ஸுக்குள் திரையில் சென்னை டாக்டர் பேசுவார், மருந்து அங்கேயே கிடைக்கும். எங்கள் கரைக்கும் அப்படி ஒரு வண்டி வந்தால் எவ்வளவோ நல்லது. ஆனால் அது ஒரு ஊர்க்கமிட்டி செய்யக்கூடியதல்ல. மண்டபம் முதல் சாயல்குடி வரை கரை ஊர்கள் சேர்ந்து கலெக்டரிடம் மனு கொடுக்க வேண்டிய விஷயம், கொடுக்கவும் வேண்டும்.

இதில் போனையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். 14416 என்ற எண்ணுக்கு எந்த நேரத்திலும் கூப்பிட்டுத் தமிழில் பேசலாம், காசில்லை. தமிழ்நாட்டில் இதற்கு "நட்புடன் உங்களோடு மனநல சேவை" என்று பெயர், 2022-இல் வந்தது. போதைக்கென்று தேசிய அளவில் 14446 உண்டு. இந்த இரண்டு எண்ணையும் ஏலக்கூடச் சுவரிலும், ரேஷன் கடையிலும், படகின் உட்பக்கத்திலும் எழுதி வைக்கப் பெயின்ட் செலவு மட்டும்தான். அதை நாளைக்கே செய்யலாம், தீர்மானம் எல்லாம் வேண்டாம்.

ஏர்வாடி

கமிட்டிப் பட்டியலில் இது இல்லை. ஆனால் எங்கள் கரையில் மனநோய் பற்றிப் பேசிவிட்டு ஏர்வாடியைச் சொல்லாமல் போக முடியாது. புத்தி பேதலித்தவரைத் தர்காவில் கொண்டுபோய் இருத்துவது இந்துக்களும் கிறிஸ்தவர்களும் இஸ்லாமியர்களும் தலைமுறையாகச் செய்துவருவது. என் அப்பத்தா தன் தங்கையை அங்கே நாற்பது நாள் வைத்திருந்தார். அங்கேதான் 2001 ஆகஸ்ட் 6 அதிகாலையில், தர்காவைச் சுற்றித் தனியார் நடத்திய காப்பகங்களில் ஒன்று தீப்பிடித்தது. சங்கிலியில் கட்டப்பட்டிருந்ததால் ஓட முடியாமல் 28 பேர் இறந்தார்கள். உச்சநீதிமன்றம் தானாகவே வழக்கை எடுத்தது. நாடு முழுக்க இந்தக் காப்பகங்களைப் பற்றிக் கேள்வி எழுந்தது. மனநலச் சட்டத்தைப் பற்றி இன்றைக்கு நாம் பேசும் உரிமைகளுக்குப் பின்னால் அந்த 28 பேர் இருக்கிறார்கள்.

ஆனால் அந்தத் தீயை வைத்துத் தர்காவையே வேண்டாம் என்று சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. சங்கிலி போட்டது பிரார்த்தனை அல்ல, காசுக்கு நடத்திய காப்பகங்கள். பிறகு அரசே தர்காவில் மருந்தையும் துஆ என்னும் பிரார்த்தனையையும் சேர்த்து நடத்தும் முறையைக் கொண்டுவந்தது. வருகிறவர் தொழுகையையும் விட வேண்டாம், மாத்திரையையும் விட வேண்டாம். குஜராத்தில் உனாவா என்ற ஊரில் இருக்கும் மீரா தாதார் தர்காவிலும் இதே வழி உண்டு. எங்கள் ஊருக்கு இதில் ஒரு பாடம் இருக்கிறது. பங்குச் சாமியாரும், பள்ளிவாசல் ஹஜ்ரத்தும், கோயில் பூசாரியும் ஒரு நாள் உட்கார்ந்து, எதைப் பார்த்தால் பெரியாஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டும் என்று கற்றுக்கொண்டால் போதும். காதில் குரல் கேட்கிறது என்கிறவர், இரண்டு நாளாகச் சாப்பிடாமல் தூங்காமல் இருப்பவர், சாகப் போகிறேன் என்று வாய்விட்டுச் சொல்பவர் எல்லாரும் முதலில் போவது அவர்களிடம்தான்.

தடைக்கால முகாம்

இந்த யோசனைதான் எனக்கு மிகவும் பிடித்தது. திருவாரூர் மாவட்டத்து மஞ்சக்குடியில் 1989-இல், சென்னை டி.டி.கே. மருத்துவமனை கிராமத்துக்கே போய்க் குடி நோய்க்கு 15 நாள் முகாம் போட்டது. அந்த மருத்துவமனையை 1980-இல் தொடங்கியவர் சாந்தி ரங்கநாதன். நோயாளியை நகரத்துக்குக் கூப்பிடாமல் டாக்டரும் ஆலோசகரும் ஊருக்குப் போய்த் தங்கினார்கள். ஊரே இடமும் சாப்பாடும் கொடுத்தது, குடும்பங்களும் உட்கார்ந்து கேட்டன. கிராமத்தில் குடி சிகிச்சைக்கு இது ஒரு முன்மாதிரி ஆயிற்று.

நம் கரைக்கு இது எப்படிப் பொருந்தும் என்று பாருங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். எங்கள் ஊர்ப் பையன்கள் பாதிப்பேர் மண்டபம், பாம்பன், ராமேஸ்வரம் விசைப்படகுகளில் கூலிக்குப் போகிறவர்கள். அந்த இரண்டு மாதமும் வீட்டில்தான். வலை பின்னுவது, படகுக்குப் பெயின்ட் அடிப்பது போக மீதி நேரம் முழுக்கக் கையில் ஒன்றுமில்லை. அப்போதுதான் குடியும் கூடும், கடனும் கூடும், வீட்டில் அடியும் கூடும். எந்த மதினியைக் கேட்டாலும் சொல்வார். ஆனால் வருடத்தில் 15 நாள் சேர்ந்தாற்போல் இந்த ஆண்களை ஒரே இடத்தில் உட்காரவைக்க முடிகிற காலமும் அதுதான். கூலி போகிறதே என்ற சாக்கும் அப்போது கிடையாது. வலிப்பு வரக்கூடிய அந்த முதல் வாரம் கடலில் கழியாமல் டாக்டர் பக்கத்தில் கழியும்.

இன்னொன்று, எங்கள் பக்கம் குடிப்பது தனி ஆள் வேலை இல்லை. மீனை ஏலம் விட்டு, டீசல் காசும் படகுப் பங்கும் கழித்து, மீதியைப் பங்கு பிரித்த கையோடு நாலு பேரும் சேர்ந்துதான் கடைக்குப் போவார்கள். மையத்திலிருந்து திரும்புகிற ஆள் அதே நாலு பேரோடுதான் மறுநாள் படகு ஏற வேண்டும். ஒருவர் மட்டும் எப்படி நிற்பார்? முகாமில் அந்த நாலு பேரும் சேர்ந்தே உட்காரலாம். படகு படகாகச் சேர்க்கலாம் என்பது என் ஆசை.

குறைகளும் உண்டு. 15 நாளில் நோய் தீராது, தொடங்கத்தான் முடியும். ஏற்கெனவே வலிப்பு வந்தவர், ஈரல் கெட்டவர், மஞ்சள் காமாலை இருப்பவர் முகாமுக்கு ஆகாது, நேராக மருத்துவமனைதான். பெண்களின் மனச்சோர்வுக்கு இந்த முகாமில் இடமே இல்லை. நாட்டுப்படகுக்காரருக்குத் தடைக்காலம் கிடையாது என்பதால் அவர்களில் பலர் வர மாட்டார்கள். நடத்தத் தெரிந்த மருத்துவக் குழு நமக்குக் கிடைக்க வேண்டும். பணம் கொடுத்தால் மட்டும் முகாம் நடந்துவிடாது, இப்போதே எழுதிக் கேட்க வேண்டும்.

ஊர் ஆளுக்குப் பயிற்சி

இதற்குத்தான் கமிட்டியில் ஆதரவு குறைவு. "படிக்காத பொம்பளைங்க என்ன கவுன்சலிங் பண்ணுவாங்க" என்று ஒரு பெரியவர் கேட்டார். கோவாவில் நடந்ததை அவருக்குச் சொன்னேன். அங்கே 10 ஆரம்ப சுகாதார நிலையங்களில், மனநலப் படிப்பு எதுவும் இல்லாத உள்ளூர் ஆட்களுக்குப் பயிற்சி கொடுத்து, அளவுக்கு மீறிக் குடிக்கிற 377 ஆண்களை வைத்துப் பார்த்தார்கள். பாதிப் பேருக்கு வழக்கமான கவனிப்பு. மீதிப் பேருக்கு அதோடு நாலு தடவை வரை பேச்சு, ஒவ்வொன்றும் அரை மணி, முக்கால் மணி நேரம். மூன்று மாதத்தில், பேச்சுக் கிடைத்தவர்களில் 100-க்கு 36 பேர் ஆபத்தான குடியிலிருந்து வெளியே வந்தார்கள், கிடைக்காதவர்களில் 26 பேர். ஒரு வருடம் கழித்துப் பார்த்தபோது அது 54, 32 என்று ஆகியிருந்தது. இது 2017-இல் வெளியானது. மனச்சோர்வுக்கும் இதே மாதிரி செய்தார்கள். மூன்று மாதத்தில் பேச்சுக் கிடைத்தவர்களில் 100-க்கு 64 பேர் தேறினார்கள், கிடைக்காதவர்களில் 39 பேர்.

இதையும் உள்ளபடி சொல்ல வேண்டும். கோவாவில் எடுத்தது முற்றாக அடிமையாகிவிட்டவர்களை அல்ல, அந்த வழியில் பாதி தூரம் போனவர்களை. பயிற்சியும் ஒரு நாள் கூத்து இல்லை. மூன்று வாரம் வகுப்பு, பிறகு ஆறு மாதம் மேற்பார்வையில் வேலை. வாரா வாரம் உட்கார்ந்து, தாங்கள் பேசியதைத் தாங்களே திரும்பக் கேட்டுத் திருத்திக்கொண்டார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை சான்றிதழ் கொடுத்துவிட்டுப் போகிற பயிற்சியாக இருந்தால் அந்தப் பணத்துக்கு ஊருக்கு ஒரு குழாய் போட்டுவிடலாம்.

எங்கள் ஊரில் யார் செய்வார்கள்? மகளிர் குழுத் தலைவிகள் இருக்கிறார்கள். 2021-லிருந்து மக்களைத் தேடி மருத்துவத்தில் வீடு வீடாகப் போய்ச் சர்க்கரை, பிரஷர் மாத்திரை கொடுக்கிற பெண் இருக்கிறார். அவர் ஏறாத வாசல் ஊரில் இல்லை. பிரஷர் பார்க்கும்போதே இரண்டு கேள்வி சேர்த்துக் கேட்கலாம். இந்த இரண்டு வாரமாக எதிலும் விருப்பமில்லாமல் இருக்கிறதா? மனசு விட்டுப்போன மாதிரி இருக்கிறதா? மருத்துவர்களே முதல் சோதனைக்குக் கேட்பது இந்த இரண்டைத்தான். பாசி எடுக்கப் போன அந்தப் பெண்ணிடம் யாராவது இதைக் கேட்டிருந்தால் என்று நான் நினைக்காத நாள் இல்லை.

ஆண்களுக்கு ஆண் வேண்டும், அதுவும் குடித்துப் பிறகு நிறுத்தியவராக இருந்தால் இன்னும் நல்லது. அண்ணன் இன்று ஆறு வருடமாகக் குடிப்பதில்லை. காரணம் எந்த மையமும் இல்லை. டீசல் பங்க்கில் வேலை பார்த்த ஒரு மனிதர். அவரும் ஒரு காலத்தில் குடித்து எல்லாவற்றையும் இழந்தவர், பிறகு குடியை விட்டவர்கள் ஒருவருக்கொருவர் துணை நிற்கும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் கூட்டத்துக்குப் போய்க் குடியை விட்டவர். அண்ணன் இரண்டாம் தடவை விழுந்தபோது அவர் மதினியிடம் வந்து, "பங்கு பிரிக்கிற நேரம் மட்டும் எனக்குக் குடும்மா" என்றார். தினமும் சாயங்காலம் ஐந்து மணிக்கு ஏலக்கூட வாசலில் வந்து நிற்பார். அண்ணன் பங்குக்காசை வாங்கியதும் அதை மதினியிடம் கொடுத்துவிட்டு, இரண்டு பேரும் டீக்கடைக்குப் போவார்கள். அவ்வளவுதான் சிகிச்சை. ஒரு வருடத்துக்கு மேல் அப்படியே நடந்தது. நடுவில் இரண்டு தடவை அண்ணன் வழுக்கினார். மறுநாளும் அவர் வந்து நின்றார். திட்டவே இல்லை.

அந்த ஐந்து மணிதான் எல்லா வழிகளிலும் விடுபட்டுப் போகிறது. மையம் மூன்று மாதம், முகாம் 15 நாள், டாக்டர் மாதம் பத்து நிமிடம். ஐந்து மணியோ தினமும் வருகிறது.

இதற்கு எதிராகச் சொல்லப்பட்டதில் ஒரு கேள்வியை என்னால் சுலபமாகத் தள்ள முடியவில்லை. சின்ன ஊர், எல்லாரும் எல்லாருக்கும் சொந்தம். புருஷன் அடித்ததையும், இலங்கைக் கடற்படை பிடித்துப் போன மகனை நினைத்து இரவெல்லாம் அழுவதையும் ஒரு பெண் போய் நாத்தனாரின் சித்தியிடம் சொல்வாளா? மாட்டாள். சொன்னாலும் மறுநாள் குழாயடிக்கு வந்துவிடும் என்று பயப்படுவாள். அதனால் பக்கத்து ஊரோடு மாற்றிக்கொள்ளலாம் என்று நினைக்கிறேன். நம் ஊரில் பயிற்சி எடுத்தவர் வாரம் இரண்டு நாள் அடுத்த ஊருக்குப் போகட்டும், அந்த ஊர்க்காரர் இங்கே வரட்டும். பாசிக்குப் போகாத நாளாகப் பார்த்து வந்தால் பெண்களும் வீட்டில் இருப்பார்கள். அப்புறம், இந்த வேலைக்குச் சம்பளம் கொடுக்க வேண்டும். சேவை என்று சொல்லி பெண்களிடம் சும்மா வேலை வாங்கினால் ஆறாம் மாதம் நின்றுவிடும்.

கடையை மூடுவது

கடை ஊருக்குப் பக்கத்தில் இருப்பது கெடுதல்தான், தள்ளிப் போனால் சந்தோஷம். 2023 ஜூனில் மாநிலம் முழுக்க 500 டாஸ்மாக் கடைகளை மூடினார்கள். நம் கடையும் போகட்டும் என்று மனு கொடுப்போம், நானும் கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் அதை மட்டும் செய்துவிட்டு வீட்டுக்குப் போகக் கூடாது. 2020 ஊரடங்கில் கடை மூடியபோது, நமக்கு வடக்கே கோட்டைப்பட்டினத்தில் குடி கிடைக்காமல் சவர லோஷனைக் குடித்து மீனவர்கள் இறந்தார்கள். கடை மூடுகிற அன்றைக்கு நடுங்குகிற கைக்கு மருந்து ஏற்பாடு வேண்டும்.

இங்கேயே ஒன்று சொல்லிவிடுகிறேன். சாப்பாட்டில் தெரியாமல் கலந்து கொடுத்தால் குடி நிற்கும் என்று பொட்டலம் விற்கிறார்கள். வாங்காதீர்கள். குடியை நிறுத்த உண்மையாகவே டாக்டர்கள் கொடுக்கும் ஒரு மாத்திரை உண்டு. அதைச் சாப்பிட்டுவிட்டுக் குடித்தால் முகம் சிவந்து, வாந்தி வந்து, ரத்த அழுத்தம் இறங்கி, சிலருக்கு உயிரே போகும். அதனால்தான் ஆளுக்கு விளக்கிச் சொல்லி, அவர் சம்மதத்தோடு மட்டுமே கொடுப்பார்கள். தெரியாமல் கலப்பது கணவனைக் காப்பாற்றுவது ஆகாது. பொட்டலத்தில் என்ன இருக்கிறது என்பதே யாருக்கும் தெரியாது.

பணத்தை எப்படிப் பிரிப்பது

கையில் இருப்பதைப் பத்துப் பங்கு போட்டால், ஆறு பங்கு பயிற்சிக்கும் இரண்டு வருடச் சம்பளத்துக்கும் என்று கேட்கப் போகிறேன். மூன்று பேர் வேண்டும், இரண்டு பெண்கள், ஒரு ஆண். இரண்டு பங்கு முகாமுக்கு, சாப்பாடும் பந்தலும். ஒரு பங்கு பெரியாஸ்பத்திரிக்குப் போகிற ஆட்டோவுக்கு. மீதி ஒன்று அவசரத்துக்கு. படுக்கை கட்டாயம் என்று டாக்டர் சொல்லி, அரசு இடத்தில் கிடைக்காத ஆளுக்கு மட்டும். முதல் வருடம் ஏமாற்றமாகத் தெரியலாம். பத்துப் பேர் முகாமில் உட்கார்ந்தால் சிலர் தடைக்காலம் முடிந்து படகு இறங்கிய முதல் வாரமே குடிப்பார்கள். அதைப் பார்த்துவிட்டுப் பணத்தைத் திருப்பிக் கேட்காமல் இரண்டு வருடம் பொறுக்க கமிட்டி எழுத்தில் ஒப்புக்கொள்ள வேண்டும்.

காசு செலவில்லாத ஒரு கோரிக்கையும் வைக்கப் போகிறேன். பங்குக்காசை ஆளின் கையில் கொடுக்காமல், அவர் சம்மதித்தால் மனைவியின் கணக்கில் போட சம்மாட்டிகள் ஒத்துக்கொள்ள வேண்டும். கடலுக்குப் போகும்போது செலவுக்குக் கொடுக்கும் படிக்காசோடு சேர்த்துக் குவார்ட்டர் வாங்கிக் கொடுக்கும் வழக்கத்தையும் நிறுத்த வேண்டும்.

கூட்டம் வருகிற ஞாயிற்றுக்கிழமை, சாமியார் பங்களாத் திண்ணையில். டீசல் பங்க் மனிதருக்கு இப்போது வயதாகிவிட்டது, மகளோடு தூத்துக்குடிக்குப் போய்விட்டார். போகும்போது அண்ணனிடம், "அஞ்சு மணிக்கு நீ போய் நில்லு" என்று சொல்லிவிட்டுப் போனார். பயிற்சிக்கு ஆண் ஆள் யார் என்று கமிட்டி கேட்டால் அண்ணன் பெயரைத்தான் சொல்லப் போகிறேன். அவரிடம் கேட்டாயிற்று. மதினியிடமும் கேட்டாயிற்று.